ஆதிப் புவியில் தட்டு அமிழ்ந்ததைப் பாறை எப்படிச் சொல்கிறது?

முந்நூற்று எழுபது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட எரிமலைப் பாறையின் வேதியியலைக் கொண்டு, அக்காலத்திலேயே ஒரு புவித்தட்டு இன்னொன்றின் கீழ் அமிழ்ந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள் என்பது கேள்வி.

கடல்தரைத் தட்டு ஆழத்துக்கு இறங்கும்போது அதிலிருந்து பிரியும் நீர், மேலேயுள்ள மூடகத்துக்குள் (புவியின் மேலோட்டுக்குக் கீழுள்ள தடித்த பாறை அடுக்கு) ஏறி அதன் உருகுநிலையைக் குறைக்கிறது. அந்த நீர் பேரியம், ஈயம் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு செல்லும். தட்டின் மீதுள்ள படிவுகள் உருகினால் தோரியமும் சேரும். நியோபியமும் டாண்டலமும் அந்த நீரில் எளிதில் கரைவதில்லை, ரூட்டைல் என்ற கனிமமும் அவற்றைத் தட்டிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே இவ்வாறு பிறந்த எரிமலைக் குழம்பின் தனிமங்களை வரிசைப்படுத்தி, அவற்றின் அளவைக் கோடாக வரைந்தால், தோரியத்தில் உயர்ந்து நிற்கும் கோடு நியோபியத்தில் சட்டென்று பள்ளமாக இறங்கி, அடுத்த லாந்தனத்தில் மீண்டும் ஏறுகிறது.

இந்தப் பள்ளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மேலேறும் குழம்பு பழைய கண்டத்தின் மேலோட்டைக் கரைத்து உட்கொண்டாலும் அதே பள்ளம் விழும். அத்துடன் இத்தனை பழமையான பாறைகள் அனைத்தும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாற்றம் அடைந்தவை. பேரியம், ருபீடியம் ஆகியவற்றின் அளவு பிற்காலத்தில் மாறியிருக்கக்கூடும் என்பதால், எளிதில் இடம்பெயராத தோரியம், நியோபியம், இட்டெர்பியம் ஆகியவற்றையே நம்ப வேண்டியுள்ளது.

என்னைப் பெரிதும் கவர்ந்தது பாறை அடுக்கின் வரிசைதான். மேற்குப் பசிபிக்கின் இசு-போனின்-மரியானா எரிமலைத் தீவு வளைவில், சுமார் 5.2 கோடி ஆண்டுகளுக்கு முன் தட்டு அமிழத் தொடங்கியபோது, முதலில் நடுக்கடல் முகட்டுப் பசால்ட்டை (தட்டுகள் விலகும் கடலடி முகடுகளில் உருவாகும் கரிய எரிமலைப் பாறை) ஒத்த பாறையும், அதன்மேல் போனினைட் என்ற எரிமலைப் பாறையும் உருவாயின. போனினைட்டில் சிலிக்கா 52 விழுக்காட்டுக்கு மேலும், மக்னீசியம் ஆக்சைடு 8 விழுக்காட்டுக்கு மேலும் இருக்க, டைட்டானியம் ஆக்சைடு 0.5 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. ஏற்கெனவே ஒருமுறை உருகி வறிதான மூடகம் நீரின் உதவியால் மறுபடி உருகினால்தான் இப்படி அமையும். கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள நுவ்வுவாகிட்டுக் பாறைப் பட்டையிலும் கீழிருந்து மேலாக இதே போன்ற மாற்றம் தெரிகிறது என்று 2014-இல் சைமன் டர்னரும் சக ஆய்வாளர்களும் எழுதினர். கிரீன்லாந்தின் இசுவா பகுதியிலும் போனினைட்டை ஒத்த பாறைகள் உண்டு.

நுவ்வுவாகிட்டுக் பட்டையின் வயது 380 கோடி ஆண்டுகளை ஒட்டியதா, 428 கோடி வரை செல்வதா என்ற விவாதம் நீண்டகாலமாக நடக்கிறது. நீரேறிய மேலோடு தன் எடையால் துளித்துளியாக மூடகத்துக்குள் விழுந்திருந்தாலும் இதையொத்த வேதியியல் கிடைக்கலாம் என்ற மாற்று விளக்கமும் வலுவானது. ஆகவே அங்கு மேற்பரப்புப் பொருள் நீருடன் ஆழத்துக்குச் சென்றது என்பதை நான் உறுதியாக ஏற்கிறேன். புவி முழுவதும் அன்றே தட்டுகளாகப் பிரிந்து நகர்ந்தது என்று ஓரிரு பாறைப் பட்டைகளைக் கொண்டு சொல்ல மாட்டேன்.