ஒரே இடத்தில்தான் அடைப்பு. அவருக்குப் பேச்சு வந்துவிட்டது, அப்பாவுக்கு ஏன் வரவில்லை?

பக்கத்துக் கட்டில்காரருக்கும் உங்கள் அப்பாவுக்கும் இடப்பக்க மூளையில் ஒரே மாதிரி அடைப்பு. அவர் மூன்று மாதத்தில் பேசிவிட்டார், அப்பாவுக்குப் பத்துச் சொல்கூட வரவில்லை. எதைத் தவறவிட்டோம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்ல. பக்கவாதம் வந்த ஒரு கண்டக்டரின் மகன். இதே கேள்வியோடு ஒரு வருடம் தூங்காமல் கிடந்தவன்.

என் அப்பா தஞ்சாவூர்–கும்பகோணம் பஸ் தடத்தில் வேலை பார்த்தவர். வீட்டுக்கு வந்த முதல் வாரம், டம்ளரைக் காட்டி "இது என்ன?" என்றால் "விசில்" என்பார். தப்பு என்று அவருக்கே தெரியும், நெற்றியில் அடித்துக்கொள்வார். ஆனால் நான் "பசுபதிகோவில்" என்று ஒரு நிறுத்தத்தை எடுத்துக்கொடுத்தால், "அய்யம்பேட்டை, பாபநாசம்" என்று தொடங்கித் தாராசுரம் வரை தடங்கலில்லாமல் போய்விடுவார். அப்பா குணமாகிவிட்டார் என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். பழகிப்போன வரிசைகள் மட்டும் இப்படித் தப்பி நிற்பது பேச்சிழப்பில் சாதாரணம் என்று அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் பிறகு சொன்னார்.

விஷயம் விளங்கியது நரம்பியல் மருத்துவரின் அறையில். எம்.ஆர்.ஐ. படத்தில் அடைப்பு விழுந்த இடத்தைக் காட்டிவிட்டு, பேனா முனையை அதற்குச் சம்பந்தமே இல்லாத இடங்களுக்கு நகர்த்தினார். மூளையின் நடுவிலுள்ள நீர் அறைகளைச் சுற்றி, இரண்டு பக்கமும், சுண்ணாம்பு தெறித்ததுபோல் வெள்ளைத் திட்டுகள். "இவை இப்போது வந்தவை அல்ல. பிரஷரும் சர்க்கரையும் பல வருடமாகச் செய்த வேலை" என்றார். மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் சுருங்கி, மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகள் நைந்துபோன தடம் அது. லியூகோஅராயோசிஸ் என்று 1987-இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை ஃபஸெகாஸ் என்ற அளவுகோலில் 0 முதல் 3 வரை குறிப்பார்கள். அப்பாவுக்கு 2.

'டான்' என்ற ஒரே அசையைத் தவிர அநேகமாக வேறு எதுவும் பேசாத நோயாளியின் மூளையில் இடது முன்பகுதிச் சேதத்தை 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா காட்டினார். அன்றிலிருந்து, பேச்சு போனால் எந்த இடம் என்றுதான் கேட்கிறோம். போனதை விளக்க அது உதவும். திரும்பி வருவதற்கோ, சேதத்தைச் சுற்றி மிஞ்சிய பகுதிகளும் ஓரளவு வலப்பக்கமும் அந்த வேலையைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். பாலம் உடைந்தால் பஸ்ஸைச் சுற்றுவழியில் விடலாம். அந்தச் சுற்றுவழி முன்பே குண்டும் குழியுமாகக் கிடந்தால் என்ன செய்வது?

இதை அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வருடமாகப் பார்த்துவருகிறார்கள். திட்டுகள் அதிகமுள்ளவர்களுக்கு, பக்கவாதம் வந்து வெகுகாலம் கழித்தும் பேச்சு மெல்லக் குறையும் வாய்ப்பு கூடுதல் என்பது அவர்கள் கண்டது. படத்தை வைத்து 'மூளை வயது' கணக்கிட்டால், உண்மை வயதைவிட மூளை மூத்துப்போனவர்களுக்கு மீட்சி மந்தம் என்றும் சொல்கிறார்கள். அப்பாவுக்கு அப்போது அறுபத்திரண்டு. மூளைக்கு எத்தனை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

இன்னொன்று. இரண்டு மொழி தெரிந்தவர்களுக்குப் பக்கவாதத்தில் பேச்சு போகாது என்று யாராவது அனுப்பினால் அப்படியே நம்பாதீர்கள். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் 608 நோயாளிகளை வைத்து 2016-இல் வெளியான ஆய்வில், சிந்தனைத் திறன் கெடாமல் தப்பியவர்கள் இருமொழிக்காரர்களில் 40.5 சதவீதம், ஒருமொழிக்காரர்களில் 19.6 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் பேச்சிழப்பு வந்தவர்களின் விகிதத்தில் இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

திட்டுகளே தலையெழுத்து என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அடைப்பின் அளவு, இடம், முதல் நாட்களில் பேச்சு எவ்வளவு போயிருந்தது என்பவைதான் இன்றும் பெரிய கணக்கு. 'ஒரே மாதிரி அடைப்பு' என்று வார்டில் சொல்வது பெரும்பாலும் ஆறுதல் பேச்சு.

எதைத் தவறவிட்டீர்கள் என்றால், பக்கவாதத்துக்குப் பிறகு அநேகமாக எதையும் இல்லை. எங்கள் வீட்டில் தவறியது அதற்கு முன்பு. அப்பா பிரஷர் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தலை சுற்றினால் மட்டும் போடுவார். நாங்களும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டோம்.

அடுத்த முறை மருத்துவரிடம் பழைய எம்.ஆர்.ஐ. படத்தையே எடுத்துப்போய், அடைப்பு தவிர வேறு என்ன தெரிகிறது என்று கேளுங்கள். பிரஷரும் சர்க்கரையும் எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். திட்டுகள் மேலும் பரவலாம், அதை மட்டுப்படுத்தும் வழி அதில்தான் இருக்கிறது. பேச்சுப் பயிற்சியை ஆறு மாதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அப்பாவுக்கு இரண்டாவது வருடத்தில்தான் பயிற்சியாளர் அந்த நிறுத்தங்களைப் பிடித்தார்: "அய்யம்பேட்டை" என்று அப்பா சொன்னதும் கையைக் காட்டி நிறுத்தி, "அங்கே யார் ஏறுவார்கள்?" என்று கேட்பார். நான்கு மாதம் கழித்து ஒரு நாள் அப்பா "பூக்காரி" என்றார்.