மாடல் விமானக் கேனபியின் உட்புறம் வெள்ளையாகப் படர்வது ஏன்? எப்படி ஒட்டினால் தெளிவாக இருக்கும்?

மாடல் விமானத்தில் கேனபியை, அதாவது விமானி அறையை மூடும் தெளிவான பிளாஸ்டிக் மூடியை, ஒட்டினால் மறுநாள் உள்ளே புகை படிந்த மாதிரி ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சூப்பர் குளூ போட்டிருப்பீர்கள், வேறென்ன. அந்தப் பசையின் ஆவி பக்கத்தில் இருக்கும் பரப்பில் பட்டு, அங்குள்ள ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாக இறுகிவிடும். கேனபியை மூடிவிட்ட பிறகு ஆவி வெளியே போக வழி ஏது? பிளாஸ்டிக் சிமென்ட் என்கிற மாடல் பசையும் வேண்டாம், அது தொட்ட இடத்தைக் கரைத்துத் தழும்பாக்கிவிடும்.

கேனபி என்ன பாரமா தாங்கப் போகிறது? ஃபெவிகாலே போதும். பல்குச்சி முனையில் தொட்டு விளிம்பில் மெல்லிசாக ஓட்டுங்கள், பிதுங்கினால் ஈரமான காது பட்ஸால் துடைத்துவிடலாம், காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. சின்ன இடைவெளி இருந்தாலும் அதையே வைத்து அடைக்கலாம். கிட்டில் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் ஃபிரேமிலிருந்து கேனபியை வெட்டும்போது மட்டும் அவசரப்படாதீர்கள், தெளிவான பாலிஸ்டைரீன் சட்டென்று விரிசல் விடும், அதனால் சற்றுத் தள்ளி வெட்டிவிட்டு மீதியை அரத்தால் தேயுங்கள்.

எஃப்-16 போர் விமானம் மாதிரிக் குமிழ்க் கேனபி என்றால் பல கிட்களில் நடுவில் அச்சுக் கோடு ஒன்று ஓடும். அதைத் தேய்த்தால் மங்கிவிடுமே என்று பயந்து பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. எங்கள் ஆத்தங்குடித் தரைக்கல்லைக் கண்ணாடி மேல் வார்ப்பதால்தான் அதற்கு அந்த வழவழப்பு. இங்கேயும் பளபளப்பு அச்சிலிருந்து வந்ததுதான், தேய்த்துப் போக்கினால் நாமே திரும்ப ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். காரைக்குடியில் கார் பெயின்ட் கடையிலேயே வாட்டர் பேப்பரும் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ரப்பிங் காம்பவுண்டும் (பளபளப்பு ஏற்றும் பசை) கிடைக்கும். அந்த அச்சுக் கோட்டை முதலில் பிளேடு முதுகால் லேசாகச் சுரண்டி, 1500, 2000, 2500 எண் பேப்பர் என்று வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேயுங்கள், ஒவ்வொரு பேப்பரையும் முந்தையதற்குக் குறுக்காக. பழைய கீறல் முழுசாகப் போன பிறகே அடுத்ததுக்குப் போகணும். கடைசியில் பழைய பனியன் துணியில் காம்பவுண்ட் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்தால் திரும்பத் தெளிந்துவிடும். இதெல்லாம் ஒட்டுவதற்கு முன்னாலேயே முடிய வேண்டும், ஒட்டிவிட்டு அழுத்தினால் உடைந்துவிடும்.

கேனபிச் சட்டத்துக்குப் பெயின்ட் அடிக்க, தெளிவான பகுதியை மாஸ்கிங் டேப்பால் மறைத்து, முதலில் காக்பிட் உள்பக்க நிறத்தை அடித்து அதன் மேல் வெளி நிறத்தை அடியுங்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் சட்டம் உள்ளேயும் பெயின்ட் அடித்தது போலத் தெரியும்.

அப்புறம், இப்போது படர்ந்திருக்கும் வெள்ளை. அது உள்பக்கம் என்பதால் கேனபியைக் கழற்றித்தான் ஆகணும். மெல்லிய பிளேடை விளிம்பில் விட்டு மெதுவாக நெம்பிப் பாருங்கள், வந்துவிட்டால் அதே காம்பவுண்டால் தேய்த்து எடுத்துவிடலாம்.