காசு போன படமும் மோசமான படமும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். போன வாரம் படம் விட்டு வந்து நண்பர்களோடு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) உட்கார்ந்தோம். தே தாரேக் என்கிற ஆற்றிய பால் தேநீர் மேசைக்கு வருவதற்குள் பேச்சு ‘இதுவரை பார்த்ததிலேயே படுமோசமான படம் எது’ என்று திரும்பிவிட்டது. கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்க்கும் வரை சண்டை. என் பட்டியல் இது: பாபா, ஆளவந்தான், லிங்கா, இந்தியன் 2, கங்குவா. எல்லாமே குடும்பத்தோடு போய், பாப்கார்னுக்கும் சேர்த்துக் காசைக் கொட்டிப் பார்த்தவை. உங்கள் பட்டியல் என்ன?

இன்னொன்றும் கேட்க வேண்டும், கோபிக்காதீர்கள். சென்னைப் படங்களை வெளுத்து வாங்குகிறீர்கள். நம் மலேசியாவில் எடுக்கிற தமிழ்ப் படம் ஒன்றையாவது மோசம் என்று நீங்கள் எழுதி நான் படித்ததில்லை. உள்ளூர் என்றால் சலுகையா?

கு., பட்டர்வொர்த்

—

அன்புள்ள கு.,

உங்கள் ஐந்தில் ஒன்றுகூட என் பட்டியலில் வராது. ஐந்துமே பெரிய நடிகர்களின் படங்கள் என்பதைக் கவனித்தீர்களா? பெயர் தெரியாத நடிகர்கள் நடித்து, பாதியில் எழுந்து போகலாமா என்று உங்களை நினைக்க வைத்த படங்கள் எத்தனையோ இருந்திருக்கும். அவையெல்லாம் உங்களுக்கு மறந்துவிட்டன. நினைவில் நிற்பவை டிரெய்லர் வந்த நாளிலிருந்து காத்திருந்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், கைவிடப்பட்ட படங்கள். காசு போன வருத்தம் நியாயமானதுதான். ஆனால் அதை வைத்துப் படத்தின் தரத்தை அளக்க முடியாது.

இந்தியன் முதல் படம் வந்தது 1996இல், இரண்டாவது 2024இல். 28 வருடம் காத்திருந்தவருக்கு எதைப் போட்டாலும் இலை நிறையாது. படம் நீளம், சோர்வு, எல்லாம் சரி. கங்குவாவைப் பற்றி முதலில் கிளம்பிய புகாரே சத்தம்தான். அந்தப் படத்தில் வேலை செய்யாத ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டிகூட அது பற்றி வருத்தப்பட்டு எழுதினார். காது வலித்தது உண்மை. அதற்காகப் பார்த்ததிலேயே படுமோசம் என்று சொல்லிவிடலாமா?

ஆளவந்தானுக்காக உங்களோடு நான் மாமாக் கடையிலேயே சண்டை போடத் தயார். 2001 தீபாவளிக்கு வந்து விழுந்த படம். ஆனால் வன்முறையைச் சட்டென்று கார்ட்டூனாக மாற்றிக் காட்டும் அந்த இடத்தை அன்றைய தமிழ் சினிமாவில் வேறு யார் யோசித்தார்கள்? 2023இல் மறுபடி திரையிட்டார்கள் என்றால் அதைத் தேடுகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்றுதானே பொருள். பாபாவும் அப்படித்தான். 2002இல் வாங்கி நஷ்டப்பட்டவர்களுக்கு ரஜினி பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். 2022 டிசம்பரில் அதையே வெட்டிச் சுருக்கி மீண்டும் விட்டபோது ரசிகர்கள் விசிலடித்துப் பார்த்தார்கள். 2003 பொங்கலுக்கு வந்து தோற்ற அன்பே சிவத்தை இன்று தோல்விப் படம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள்.

முதல் வாரத் தீர்ப்பில் சறுக்குவது நமக்கு மட்டும் நேர்வதும் இல்லை. அமெரிக்காவில் மோசமான படங்களுக்கென்றே ராஸி என்று ஒரு விருது இருக்கிறது. 1981இல் ஜான் வில்சன் என்பவர் தன் வீட்டு வரவேற்பறையில் தொடங்கி வைத்தது. முதல் வருடமே மோசமான இயக்குநர் பரிந்துரையில் ஒரு பெயர்: ஸ்டான்லி குப்ரிக். படம், தி ஷைனிங்! அதில் நடித்த ஷெல்லி டுவாலையும் மோசமான நடிகைப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். 2022இல்தான் டுவாலின் பரிந்துரையைத் திரும்பப் பெற்றார்கள்.

உலகத்திலேயே மோசமான படம் என்று அடிக்கடி சொல்லப்படுவது எட் வுட் 1950களில் எடுத்த பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ். டிராகுலாவாக நடித்துப் புகழ்பெற்ற பெலா லுகோசியை வைத்துக் கொஞ்சம் காட்சிகள் எடுத்து வைத்திருந்தார் வுட். 1956இல் லுகோசி இறந்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அந்தத் துண்டுகளைப் பெட்டியில் போட்டு மூடியிருப்பார்கள். வுட் அவற்றைச் சுற்றி ஒரு படத்தையே கட்டினார். மீதிக் காட்சிகளுக்குத் தன் மனைவிக்கு எலும்பு வைத்தியம் பார்த்துவந்தவரைக் கூட்டிவந்து நிறுத்தினார். அவர் லுகோசியைவிட உயரம், முகச் சாயலும் இல்லை. ஆகவே படம் முழுக்கக் கறுப்பு மேலங்கியைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டே நடக்கிறார். வுட் 1978இல் இறந்தார். இரண்டு வருடம் கழித்து வந்த ஒரு புத்தகம் இந்தப் படத்துக்கு உலகிலேயே மோசம் என்ற பட்டத்தைச் சூட்டியது. 1994இல் டிம் பர்ட்டன் அவருடைய வாழ்க்கையைப் படமாக்கினார். அதில் லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டாவ் ஆஸ்கர் வாங்கினார்.

பிளான் 9ஐப் பாருங்கள். சிரிப்பீர்கள், ஒரு நிமிடமும் சலிக்காது. அந்த மனிதருக்குச் சினிமா எடுக்கத் தெரியவில்லை. எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. 2007இல் வந்த யாருக்கு யாரோ படத்தின் சாம் ஆண்டர்சனை இன்றைக்கும் யூடியூபில் தேடிப் பார்க்கிறோமே, அதே ஈர்ப்புதான். தெரியாமல் செய்வதை நான் மோசம் என்று எண்ணுவதில்லை.

எனக்கு மோசம் என்பது, தெரிந்தவர்கள் அலட்சியமாகச் செய்வது. அப்படி ஒரு படம் என் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம், அந்த ரகத்தில் நிறைய வந்துவிட்டன. சென்னையிலிருந்து மலேசியாவுக்கு வந்து எடுத்த படம். நல்ல கேமரா, நல்ல ஹோட்டல், தேர்ந்த சண்டைப் பயிற்சியாளர். கதாநாயகன் கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வில் இறங்குகிறார். கார் ஏறுகிறார். அடுத்த காட்சியில் கார் பினாங்குப் பாலத்தில் போகிறது. உங்கள் ஊர்ப் பாலம்தான் ஐயா! அதற்கடுத்த காட்சியில் மறுபடி கோலாலம்பூர்ப் பக்கத்துப் பத்துமலை. அவசரமாக யாரையோ காப்பாற்றப் போகிறவர் வடக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் போய்க் கடலைத் தாண்டி, திரும்பிக் கிட்டத்தட்ட அதே தூரம் வந்து முருகனைக் கும்பிடுகிறார். டோலுக்கே பாதி சம்பளம் போயிருக்கும்.

அதையாவது சிரித்து விட்டுவிடலாம். படத்தில் வரும் உள்ளூர்த் தமிழர்கள் இரண்டே வகை: கழுத்தில் சங்கிலி போட்ட குண்டர்கள், கதாநாயகனுக்குக் காபி கொண்டுவருபவர்கள். குண்டர்களும் மயிலாப்பூர்த் தமிழ் பேசுகிறார்கள். போலீஸ்காரர் பேசும் மலாய் எந்தத் தீவின் மலாய் என்று தெரியவில்லை. இவ்வளவு செலவு செய்தவர்கள் தங்களை ஏற்றிச் சென்ற டாக்சி ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், பாதிப் பிழை போயிருக்கும். கேட்கத் தோன்றவில்லை. நாம் அவர்களுக்குச் சந்தை, இரட்டைக் கோபுரம் பின்னணி. அரங்கில் கோபுரம் தெரிந்தபோதெல்லாம் நம்மவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் எனக்குப் படத்தைவிட அதிகமாக உறுத்தியது. நம் ஊரைத் திரையில் பார்க்க எவ்வளவு ஏங்கிக் கிடக்கிறோம் என்பது அதில் தெரிந்தது. அந்த ஏக்கத்துக்குக் கிடைத்தது ஒரு சுற்றுலா விளம்பரம்.

கபாலியை (2016) நீங்கள் பட்டியலில் சேர்க்காதது எனக்குச் சந்தோஷம். அதன் இரண்டாம் பாதி தள்ளாடும். ஆனாலும் ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த நம் மக்களுக்கு ஒரு வரலாறு உண்டு என்பது எடுத்தவருக்குத் தெரிந்திருந்தது. இங்கே திரையிட்டபோது முடிவில் ஒரு வரியைப் போட்டுக் கபாலியைப் போலீசில் சரணடைய வைத்தார்கள், அது தனிக் கூத்து.

அப்புறம், உள்ளூர்ச் சலுகை. நீங்கள் கேட்டது சரியான கேள்வி. நம் ஊரில் உள்ளூர்ப் படத்தைக் குறை சொல்லி யாரும் எழுதுவதில்லை. இடம் அவ்வளவு சின்னது. இயக்குநர் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருப்பார், கதாநாயகியின் அப்பா நமக்குப் பழைய சக ஆசிரியராக இருப்பார், அடுத்த கல்யாண விருந்தில் எதிர் மேசையில் உட்காருவார்கள். ஆகவே எல்லாரும் ‘நல்ல முயற்சி, ஆதரவு தாருங்கள்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். படம் எடுத்தவர் அதை நம்பி அடுத்ததையும் அப்படியே எடுக்கிறார்.

எனவே இப்போதே சொல்கிறேன். கேமரா நடுங்குவது, ஒலி கரகரப்பது, அலுவலகக் காட்சியில் மேசை மட்டும் இருப்பது, இவற்றுக்கு நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன். பணம் இல்லை, தெரியும். ஆனால் கோலாலம்பூர் செந்தூலில் பிறந்த பையன் வடசென்னை வில்லன்போல் பேசுவதற்குப் பணத்தட்டுப்பாடு காரணம் இல்லை. நம் தமிழில் ஒரு வசனம் எழுதச் செலவே கிடையாது. பல உள்ளூர்ப் படங்கள் சென்னைக் குண்டர் படத்தின் நகலாகவே வருகின்றன, நாயகன் நடந்துவரும் மெதுவசைவு உட்பட. அவை மோசமான படங்கள்தான்.

வேறு மாதிரி எடுக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். சஞ்சய் குமார் பெருமாளின் ஜகாட் (2015) இருக்கிறது. தோட்டம் போன பிறகு நம் குடும்பங்கள் என்ன ஆயின என்பதை ஒரு பையன் வழியாக, நாம் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொன்ன படம். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத படங்களுக்கென்று முதலில் தனிப் பிரிவு வைத்து அதில் தள்ளினார்கள். கண்டனம் எழுந்ததும் அந்தப் பிரிவை எடுத்தார்கள். சிறந்த மலேசியப் படம் விருது ஜகாட்டுக்கே போனது.

அடுத்த உள்ளூர்ப் படம் வந்தால் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள்; இரண்டாவது வாரம் அரங்கில் இருக்குமா என்பது சந்தேகம். பிடிக்கவில்லை என்றால் எந்தக் காட்சி, ஏன் என்று எனக்கு எழுதுங்கள். படத்தின் பெயரைப் போட்டே வெளியிடுகிறேன். இயக்குநர் பதில் எழுதினால் அதையும் போடுவேன்.