இமை வலிக்கிறதா? எந்த இடம் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். வயது 36. நான்கு நாளாக வலது மேல் இமையில் வலி. காலையில் எழுந்தால் வீங்கியிருக்கிறது, முடி ஓரத்தில் ஒரு இடத்தில் தொட்டால் சுருக்கென்கிறது. பார்வை நன்றாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை. மாமியார் இது சூட்டுக் கட்டி, நாமக்கட்டி உரசிப் போடு என்கிறார். மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள், இன்னும் போடவில்லை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு கண் டாக்டரிடம் போகத்தான் வேண்டுமா?

பதில்: இன்றைக்கே ஓட வேண்டியதில்லை. நீங்கள் சொல்வது அநேகமாகக் கண்கட்டி. இமை முடியின் வேர்க்காலிலோ, அதை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பியிலோ ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா புகுந்து சீழ் வைப்பதுதான் கண்கட்டி. வேலூர்ப் பக்கத்து வெயிலுக்கு எல்லாப் பழியையும் போடுவது நமக்கு வழக்கம். உடல் சூட்டால் கண்கட்டி வருவதில்லை. வியர்வை வழியும்போது தூசு பட்ட விரலாலோ, நாளெல்லாம் முகம் துடைத்த அதே முந்தானையாலோ கண்ணைத் தேய்க்கிறோமே, அங்கேதான் கிருமி ஏறுகிறது.

இதற்கு முதல் மருந்து வெந்நீர் ஒத்தடம். பலரும் துணியை நனைத்து ஒரு நிமிடம் வைத்துவிட்டு, பலன் இல்லை என்கிறார்கள். அடைபட்ட சுரப்பிக்குள் எண்ணெய் நெய் போல உறைந்து கிடக்கிறது. அது இளகுவதற்குச் சூடு விடாமல் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை கிடைக்க வேண்டும். கொதித்து ஆறிய நீரை, மணிக்கட்டின் உள்பக்கத்தில் விட்டால் பொறுக்கும் சூட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். துவைத்த பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து நனைத்து, பிழிந்து, மூடிய இமைமேல் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் துணி ஆறிவிடும், மறுபடி நனைக்க வேண்டும். முடிந்ததும் சுத்தமான விரலால் மேல் இமையை மேலிருந்து கீழாக, முடி ஓரத்தை நோக்கி மெதுவாக நீவிவிடுங்கள். கீழ் இமையில் வந்தால் கீழிருந்து மேலாக. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை செய்யலாம். வேலைக்குப் போகுமுன் ஒன்று, வந்ததும் ஒன்று, படுக்குமுன் ஒன்று என்றால் சம்பளமும் போகாது.

வெள்ளை முனை தெரிந்தாலும் பிதுக்காதீர்கள், சீழ் பக்கத்துச் சதைக்குள் இறங்கிவிடும். நாமக்கட்டி, தாய்ப்பால், இலைச்சாறு எதுவும் வேண்டாம். உலர்ந்த நாமக்கட்டித் துகள் இமைக்குள் விழுந்தால் கருவிழியைக் கீறும். மை, ஐலைனர் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். துண்டு, தலையணை உறை உங்களுக்கென்று தனியாக இருக்கட்டும்.

அந்தச் சொட்டு மருந்தின் பெட்டியைப் படித்துப் பாருங்கள். மருந்தின் பெயர் ‘சோன்’ அல்லது ‘லோன்’ என்று முடிந்தால் (டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன்) அது பெரும்பாலும் ஸ்டீராய்டு. போட்டவுடன் சிவப்பு குறையும், அதனால்தான் மெடிக்கலில் எடுத்துக் கொடுக்கிறார்கள். உள்ளே ஹெர்பெஸ் என்ற வைரஸ் புண்ணோ பூஞ்சைப் புண்ணோ இருந்தால் அதையே கிளறிவிடும். வாரக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரலாம். டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

இரண்டு நாள் முறையாக ஒத்தடம் கொடுத்தும் வலி குறையாமல் வீக்கம் பரவினால் டாக்டரைப் பாருங்கள். சாதாரணமாக ஒன்று, இரண்டு வாரத்தில் உடைந்தோ வற்றியோ போய்விடும். வலி போன பிறகு மொச்சைக்கொட்டை மாதிரி ஒரு கெட்டி மட்டும் மிஞ்சினால் ஒத்தடத்தைத் தொடரலாம். ஒரு மாதத்துக்கு மேல் நின்றால் காட்டுங்கள், சின்ன ஊசியிலோ கீறலிலோ முடிந்துவிடும். அடிக்கடி கட்டி வந்தால் சர்க்கரை பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் வயதானவர்களுக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வந்து, அங்கே இமை முடியும் உதிர்ந்தால் கண்கட்டி என்று விட்டுவிடக் கூடாது. எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் இப்படித்தான் ஏமாற்றும்.

ஒரு புள்ளியில் இல்லாமல் இரண்டு கண்ணிலும் இமை ஓரம் முழுக்க எரிந்து, முடியடியில் பொடுகு போலச் செதில் ஒட்டியிருந்தால் அது இமை ஓர அழற்சி. ஒத்தடத்துக்குப் பிறகு ஓரத்தைத் தினமும் துடைத்துச் சுத்தம் செய்து வர வேண்டும், தலைப் பொடுகையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

வலியைவிட அரிப்பு அதிகமாகி, தோல் சிவந்து சுருங்கி உரிந்தால் ஒவ்வாமையைச் சந்தேகியுங்கள். உங்கள் வேலையில் இதற்கு வாய்ப்பு அதிகம். ஷூ ஒட்டும் பசை, தோல் பதனிடும் குரோமியம் இரண்டுமே ஒவ்வாமை தரக்கூடியவை. உள்ளங்கைத் தோல் தடித்தது, தாங்கிக்கொள்ளும். உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல், அதே கையால் தொட்டதும் வெந்துவிடும். நகப்பூச்சும் தலைச்சாயமும்கூட இப்படி இமையில் வந்து நிற்கும். நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கலந்த களிம்பே சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல், போடப் போட வீக்கம் கூடும்.

உள்மூலையில், மூக்கை ஒட்டி வீங்கி வலித்தால் அது கண்ணீர்ப் பையில் வந்த தொற்று. ஒத்தடத்தோடு நிற்காது, மருந்து வேண்டும்.

நெற்றியிலும் தலையிலும் ஒரே பக்கமாக எரிச்சல், பிறகு கொப்புளம் என்றால் அக்கி. மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் வந்தாலே கண்ணுக்குள் இறங்க வாய்ப்பு அதிகம். நம் பக்கம் காவி குழைத்து அக்கி எழுதப் போவார்கள். வைரஸுக்கு எதிரான மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். எழுதிவிட்டுக் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

பார்வை மங்கினாலும், விழியை அசைத்தால் வலித்தாலும், இரண்டிரண்டாகத் தெரிந்தாலும், கண் முன்னுக்குத் தள்ளினாலும், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல் கூசினாலும், காய்ச்சலோடு இமை திறக்காமல் வீங்கினாலும் அன்றைக்கே போக வேண்டும், ராத்திரி ஆனாலும் சரி. குழந்தைக்குச் சளி, சைனஸ் தொல்லையோடு இமை வீங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள். நெல் உமி, நெல் தாள், கல் தூள் கண்ணில் பட்ட பிறகு வரும் வலியும் இந்தக் கணக்கில்தான். சுண்ணாம்பு தெறித்தால் மட்டும், கிளம்புவதற்கு முன்பே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டுப் போக வேண்டும்.

வேலூரில் ஆரணி ரோட்டில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது அந்தச் சொட்டு மருந்தை, போடாவிட்டாலும், கையோடு எடுத்துப் போங்கள். கண்ணாடி இருந்தால் அதுவும், சர்க்கரை பார்த்த சீட்டும். கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு விட்டால் சில மணி நேரம் மங்கலாகத் தெரியும், வண்டி ஓட்ட முடியாது. துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.