பழைய ஆலைச் சுவரில் ஓதம்: மூன்றாவது பூச்சு உதவுமா?

மூன்றாவது பூச்சாக நீர்த்தடுப்பு வண்ணத்தைப் பூசலாமா என்று கேட்கிறீர்கள்; பூச வேண்டாம். நூற்பாலையாக இருந்து அரசு அலுவலகமாக மாற்றப்பட்ட கட்டடத்தின் தரைத்தளச் சுவரில், இரண்டு முறை சிமெண்ட் பூசியும் இடுப்பு உயரம் வரை உப்புப் பூத்து வண்ணம் உரிகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அந்தச் சிமெண்ட் பூச்சே காரணம்.

போர்ட்லாந்து சிமெண்ட்டுக்கு 1824-இல் காப்புரிமை வழங்கப்பட்டிருந்தாலும், அதன் பின்னரும் நெடுங்காலம் செங்கல் ஆலைகள் சுண்ணாம்புக் காரையால்தான் கட்டப்பட்டன. தரையிலிருந்து ஏறும் ஓதத்தை, அதாவது ஈரத்தை, காரை ஆவியாக வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைப்பதால், நீர் மேலும் உயரே ஏறி, கொண்டுவந்த உப்பைப் பூச்சுக்குப் பின்னால் படியவிட்டு, பூச்சையே தள்ளிவிடுகிறது. பெரிய கூடங்களைச் சிறு அறைகளாகத் தடுத்திருந்தால் காற்றோட்டமும் குறைந்திருக்கும்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். உலர்ந்து தோன்றும் இடத்தில் ஓரடிச் சதுர அலுமினியத் தாளை நான்கு விளிம்பும் அடைபடுமாறு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் பின்புறம் ஈரமெனில் ஓதம் சுவருக்குள் இருக்கிறது. முன்புறம் ஈரமெனில் அறைக் காற்றின் ஈரமே படிகிறது. வெளியே மண்மட்டம் உள்தரையைவிட உயர்ந்துள்ளதா, மழைநீர்க் குழாய் உடைந்துள்ளதா என்பதையும் பாருங்கள். இவற்றைச் சரிசெய்தாலே பாதிச் சிக்கல் தீர்வதுண்டு.

சிமெண்ட்டை உடனே கொத்தி எடுத்துவிடாதீர்கள். அது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துவிடக்கூடும். கட்டடம் மரபுப் பட்டியலில் இருந்தால் அனுமதியும் தேவைப்படும். மறைவான மூலையில் சிறு பகுதியை மட்டும் எடுத்துப் பார்த்து, சுண்ணாம்புப் பூச்சில் தேர்ந்த கொத்தனாரிடம் காட்டுங்கள்.