பழைய அடுக்களையில் கேஸ் அடுப்பு: வளைவைத் தொடாதீர்கள், சிலிண்டரை ஒளிக்காதீர்கள்

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் தாத்தா கட்டிய வீட்டைப் புதுப்பித்து வருகிறோம். அடுக்களையில் செங்கல் வளைவும் புகைக்கூண்டும் உள்ள விறகடுப்பு இருக்கிறது. உதிர்ந்திருந்த காரையைச் சுண்ணாம்பிலேயே பூசிவிட்டோம். வளைவு நாலரை அடி அகலம். உச்சி தரையிலிருந்து நாலே முக்கால் அடி. அதற்குள் மேடை கட்டி நாலு பர்னர் ஹாப் (மேடைக்குள் பதிக்கும் கேஸ் அடுப்பு) பதித்து, மேலே மின்சாரச் சிம்னி மாட்டி, அதன் குழாயைப் பழைய புகைக்கூண்டிலேயே விட்டுவிடலாம். சிலிண்டரை மேடைக்கடியில் கதவு போட்டு மறைத்துவிடலாம் என்கிறார் கான்டிராக்டர். சரிதானா? (வாசகி, பெங்களூரு)

பதில்: அடுப்பு வைக்கலாம். கான்டிராக்டர் சொன்ன விதத்தில் வேண்டாம்.

முதலில் உயரம். அந்த அடுப்பு உட்கார்ந்து சமைத்த காலத்தில் கட்டியது. நின்று சமைக்க இரண்டரை அடி மேடை வேண்டும். அடுப்பின் உயரத்தையும் சேர்த்தால் பர்னர் ஏறக்குறைய 34 அங்குலத்தில் வரும். மின்சாரச் சிம்னி பர்னருக்கு மேல் 26 முதல் 30 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், குறைந்தது ஐந்தடி. உங்கள் வளைவின் உச்சியோ நாலே முக்கால். அவர் டேப் பிடித்துப் பார்த்தாரா என்றே சந்தேகமாக இருக்கிறது. வேலை தொடங்கியபின் இரண்டில் ஒன்று நடக்கும்: எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஃபில்டர் தீக்குப் பக்கத்தில் தொங்கும், அல்லது "வளைவுல கொஞ்சம் கொத்திக்கிடலாம்" என்பார். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். மேலே உள்ள புகைக்கூண்டின் பாரம் முழுவதும் அந்த வளைவின்மேல்தான் நிற்கிறது. மின்சாரச் சிம்னியை மறந்துவிடுங்கள். மேடையை வளைவுக்கு வெளியே அரை அடி நீட்டிக் கட்டுங்கள், தாளிக்கக் குனியும்போது நெற்றி இடிக்காது.

சிம்னிக் குழாயைப் பழைய கூண்டில் விடும் யோசனை எல்லா ஊரிலும் நடக்கிறது. ஆறு அங்குலக் குழாயில் வேகமாக வரும் காற்று, ஒன்றரை அடி அகலக் கூண்டுக்குள் போனதும் தளர்ந்துவிடும். அதிலுள்ள எண்ணெய் சொரசொரப்பான செங்கல்லில், ஏற்கெனவே இருக்கும் கரியின்மேல் படியும். அப்புறம் ஒரு பொறி போதும். கூண்டை அடைக்கவும் வேண்டாம். திறந்தே இருந்தால் ஆவியும் சூடும் தானாக மேலே போகும். கூடவே வெளிச்சுவரில் உயரத்தில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் போதும்.

ஆனால் உங்கள் ஊரில் ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்கும் மேல்காற்று இருக்கிறதே, அது கூண்டு வழியாகக் கீழே அடித்து, சிம்மில் வைத்த பால் அடுப்பை அணைத்துவிடும். தீ அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். அதனால் கூண்டின் உச்சியை மேலே பலகைக்கல்லால் மூடி, வடக்கிலும் தெற்கிலும் மட்டும் திறப்பு விடச் சொல்லுங்கள். ஐப்பசி மழைச் சாரல் இறங்காதபடி கல் முக்கால் அடியாவது வெளியே நீட்டியிருக்கட்டும். தீ அணைந்தால் தானே கேஸை அடைத்துக்கொள்ளும் வால்வு உள்ள அடுப்பாக வாங்குங்கள். கடைக்காரர் கண்ணாடியின் பளபளப்பைத்தான் காட்டுவார். நீங்கள் வால்வைக் கேளுங்கள். ஹாப் வேண்டாம், மேடைமேல் வைக்கும் மூன்று பர்னர் அடுப்பே போதும். ஹாப்பில் கேஸ் இணைப்புகள் மேடைக்குள் மறைந்துவிடும்; கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சுண்ணாம்புக் காரையின்மேல் சிமென்ட் பூசவும் விடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கி இரண்டும் சேர்ந்து பெயரும்.

இனி சிலிண்டர். சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடும். கதவு போட்ட மேடைக்கடி அது தேங்குவதற்கென்றே கட்டிய இடம். உங்கள் வீட்டில் இன்னொரு பள்ளமும் இருக்கும்: அங்கணம். பாத்திரம் கழுவும் அந்தக் குழியிலிருந்து சாக்கடை வழியாகப் புறவாசல்வரை கேஸ் போய் நிற்கும். சிலிண்டரை அங்கணத்திலிருந்து விலக்கி, திறந்த இடத்தில், நிமிர்த்தி, அடுப்பைவிடத் தாழ்வாக வையுங்கள். டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், சுவரைத் துளைத்துக் கொண்டுபோகவும் கூடாது. சிலிண்டர் வெளியேதான் இருக்கவேண்டும் என்றால் செம்புக் குழாய், அதுவும் ஏஜென்சி மெக்கானிக் கையால். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

இடத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியது ஏஜென்சியின் கடமை. நடப்பது, படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு சரி. அந்த இடைவெளியில்தான் பை மாட்டிய ஆட்கள் நுழைகிறார்கள். "கம்பெனில இருந்து வாரோம், கட்டாய செக்கிங்" என்பார்கள். நன்றாக இருக்கிற டியூபைக் கழற்றிவிட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரைகூட இல்லாத ஒன்றை மாட்டி, கேட்ட காசை வாங்கிப் போவார்கள். பூட்டிக் கிடந்த வீடு திறந்ததும் மோப்பம் பிடித்து வருவார்கள். வாசலிலேயே நிறுத்தி, உங்கள் கேஸ் புத்தகத்தில் உள்ள ஏஜென்சி எண்ணுக்கு அவர்கள் எதிரிலேயே போன் போடுங்கள். பாதிப் பேர் தெரு முனை தாண்டியிருப்பார்கள். டியூபில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

இன்னொரு தலைவலி: ஒரு குடும்பத்துக்கு ஒரே இணைப்புதான். பெங்களூரில் வைத்திருந்தால் ஊர் வீட்டுக்குத் தனியாகக் கிடைக்காது. வருஷத்தில் ஒரு மாதம் திறக்கிற பூர்வீக வீடு என்று ஒன்று உண்டு என்பதே விதி எழுதியவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. விளைவு, பக்கத்து வீட்டு சிலிண்டர் கைமாறுகிறது. அந்த வம்புக்குப் போகாமல், அடையாள அட்டை காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கிக்கொள்ளுங்கள். மானியம் இல்லை, ஆனால் நேர்வழி.

அடுத்து நீங்கள் கேட்கப்போவதும் தெரியும்: "திவசத்துக்கு மட்டும் விறகு வைக்கலாமா?" பொங்கலை முற்றத்தில் வைத்துவிடுவீர்கள், அதில் சிக்கலில்லை. திவசச் சமையல்தான் அடுக்களைக்குள் நடக்கும். வைக்கலாம், ஆனால் முழுதாகக் கேளுங்கள். வளைவுக்குள் ஒரு பக்கம் இரண்டடி விட்டு, கொடியடுப்பை, அதாவது அந்தப் பழைய விறகடுப்பை, அப்படியே வைத்திருங்கள். திவசத்துக்கு ஒரு வாரம் முன்பே கூண்டில் குருவிக்கூடு, தேன்கூடு, கரி எல்லாம் தட்டி இறக்குங்கள். அன்றைக்குக் காலையில் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டுப் புறவாசலுக்குக் கொண்டுபோங்கள். "மூடித்தானே இருக்கு" என்று மூலையில் வைப்பது கணக்கில் சேராது. கேஸ் அடுப்பையும் டியூபோடு எடுத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கட்டாயம் அணையுங்கள். அது ஓடினால் மேலே போகவேண்டிய புகையைக் கூண்டு வழியாகவே வீட்டுக்குள் இழுத்துவிடும். கண் எரிகிறது என்று இன்னும் வேகமாக ஃபேன் போடுவார்கள், இன்னும் புகையும். ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும். சமையல் முடிந்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்காதீர்கள், சூடேறிய காரை விரிசல் விடும். தணலை இரும்புச் சட்டியில் அள்ளிப் புறவாசலில், சிலிண்டருக்கு எதிர்ப்பக்கம் கொட்டுங்கள். சாம்பலுக்கடியில் கங்கு மறுநாள்வரை கிடக்கும். கையால் தொட்டு அடுப்பு ஆறியது தெரிந்தபிறகே சிலிண்டர் உள்ளே வரலாம்.