இங்க் பேனா சேர்ப்பது அலுத்துப்போகாதா? குன்னூரிலிருந்து ஒரு பதில்

கேள்வி: இங்க் பேனா சேகரிப்பவர்கள் இங்கே இருக்கிறீர்களா? புதுப் பேனா கைக்கு வந்ததும் என்ன செய்வீர்கள்? ஒரு கட்டத்துக்கு மேல் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றி அலுத்துவிடாதா?

இதுவரை அலுக்கவில்லை. பதினாறு வருடமாக வாங்குகிறேன். வீட்டில் இப்போது 23 பேனா இருக்கிறது. நடுவில் 31 வரை போனது, அது ஏன் குறைந்தது என்பது கடைசியில்.

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு டீ பேக்டரியில் இலைக் கணக்கு எழுதுகிறேன். ஆபீஸில் கம்ப்யூட்டர் உண்டு. ஆனால் சாயங்காலம் இலை எடை போடும் இடத்தில் இன்னமும் நோட்டுதான். பெயர், சாக்கு, எடை, ஈரத்துக்குக் கழிவு, கையெழுத்து. ஒரு நாளைக்கு ஆறேழு பக்கம் ஓடும். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிற ஆள் இல்லை நான். எழுதாத பேனாவை வாங்கி என்ன செய்வது என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

கடைசியாக வந்தது திருவள்ளூர் ரங்கா பேனா கம்பெனியின் மூங்கில் மாடல். உடம்பில் மூங்கில் கணுப்போலக் கடைசல் போட்ட எபோனைட் பேனா. லேத்தில் கையால் கடைந்து தருகிறார்கள் என்பதால் ஆர்டர் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். ஒருவழியாக அனுப்பினார்கள். அது ஐப்பசி மாதம். பர்லியாறுக்கு மேலே மண் சரிந்து ரோடு அடைபட, பார்சல் மேட்டுப்பாளையத்தில் நான்கு நாள் கிடந்தது. ஐந்தாம் நாள் மூடுபனிக்குள்ளிருந்து பார்சல் கொண்டுவந்த தம்பியின் போன்.

"அண்ணா, ரோட்டு மேல நிக்கிறேன். படி எறங்கி நான் வரணுமா, நீங்க ஏறி வர்றீங்களா?"

எழுபது படி. ஓடித்தான் ஏறினேன்.

பெட்டியைத் திறந்தால் முதலில் வருவது வாசனை. ரப்பரோடு கந்தகத்தை நூற்றுக்கு முப்பது நாற்பது பங்கு சேர்த்து வேகவைத்து இறுக்கினால் கிடைப்பதுதான் எபோனைட். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட டியூபை உரசும்போது ஒரு வாசம் வருமே, அதில் கொஞ்சம் மத்தாப்பைக் கலந்த மாதிரி இருக்கும். "தீபாவளி போயி எத்தனை நாளாச்சு, இன்னும் பட்டாசு நாத்தம் வருது?" என்று வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து கேட்டாள். பேனா என்று நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

இந்த மலையில் எபோனைட்டுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. மார்கழி, தை மாதத்தில் ஊட்டி காந்தல், தலைகுந்தா பக்கமெல்லாம் புல் மேல் உறைபனி படியும். எங்களுக்கு அவ்வளவு இல்லை என்றாலும் காலையில் விரல் விறைக்கும். ஸ்டீல் பேனாவை எடுத்தால் ஐஸைப் பிடித்த மாதிரி சுரீர் என்கிறது. எபோனைட் அப்படி இல்லை, எடுத்த அரை நிமிடத்தில் கைச்சூட்டுக்கு வந்துவிடும். என்னிடம் பளபளவென்று இரண்டு உலோகப் பேனாக்கள் இருக்கின்றன. பங்குனி வரை டப்பாவை விட்டு வெளியே வராது.

வந்த உடனே இங்க் போட மாட்டேன். கடைசல் எண்ணெய் உள்ளே ஒட்டியிருக்கும், அது இருந்தால் மை விட்டு விட்டு இறங்கும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் அலசி, வெறும் தண்ணீரில் இரண்டு தடவை அலசி, டிஷ்யூ மேல் நிப்பு கீழே பார்க்க ஓர் இரவு நிறுத்தி வைப்பேன். குளிருக்குச் சுடுதண்ணீரில் கழுவினால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் எபோனைட் சுடுதண்ணீரில் நிறம் செத்துப்போகும், வெயிலில் வைத்தாலும் அப்படித்தான். கறுப்பு பாசி படிந்த பழுப்பாகிவிடும். ஒன்றைக் கெடுத்த பிறகு கற்றுக்கொண்டது.

அப்புறம் லென்ஸ். தட்டார் கண்ணில் இடுக்கிக்கொள்வாரே, அந்த வகை. நிப்பின் பிளவுக்கு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று மயிரிழை தூக்கலாக இருந்தாலும் ஒரு பக்கம் இழுக்கும்போது காகிதம் கீச்சிடும். கட்டைவிரல் நகத்தால் மெதுவாக அழுத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பள்ளியில் நாம் என்ன செய்தோம்? பிளவில் பிளேடை விட்டுக் கிழித்தோம், சிமெண்டுத் தரையில் நிப்பைத் தேய்த்தோம். நுனியில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஓர் உருண்டை ஒட்டியிருக்கும். இரிடியம் என்பார்கள், இன்றைக்குப் பெரும்பாலும் வேறு கடின உலோகக் கலவைதான். நாம் தரையில் தேய்த்துக் கரைத்தது அதைத்தான். ஹீரோ பேனா வைத்திருந்தவன் மட்டும் தேய்க்க மாட்டான், யாரையும் தொடவும் விட மாட்டான்.

எழுதிப் பார்க்க நான் வைத்திருக்கும் வரி "ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு ஈரோட்டிலிருந்து இன்னொரு அண்ணன் வருகிறார்". அர்த்தம் ஒன்றும் இல்லை. ஞ, ற, ழ, ஐ, ஈ, இ, ண எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும், அவ்வளவுதான். பேனா விமர்சனங்களைப் பார்த்து வாங்குபவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இது. அந்த விமர்சனங்கள் ஆங்கில எழுத்தை வைத்து எழுதப்பட்டவை. நம் எழுத்து முழுக்கச் சுழி. நிப்பு மேலே, கீழே, இடம், வலம் என்று எல்லாத் திசையிலும் போயாக வேண்டும். இழுக்கும்போது வெண்ணெயாக ஓடும் பேனா, 'ழ'வின் காலைச் சுழித்து மேலே தள்ளும்போது சண்டித்தனம் செய்யும். தடித்த நிப்பாக இருந்தால் 'ண'வின் சுழிகள் மையில் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாக நிற்கும். 'இ'யின் உள்சுழி காணாமலே போகும். பொடியாக எழுதுகிறவர் என்றால் மெல்லிய நிப்பு வாங்குங்கள். அதிலும் ஜப்பான்காரர்களின் ஃபைன், ஜெர்மன் ஃபைனைவிட மெல்லிசு. எடைக் கணக்குக்கு நான் வைத்திருப்பது பிளாட்டினம் கம்பெனியின் மலிவான ப்ரெப்பி. அதன் மூடிக்குள்ளே ஸ்பிரிங் வைத்த இன்னொரு குட்டி மூடி இருக்கிறது, ஒரு மாதம் தொடாமல் போட்டாலும் எடுத்த எடுப்பில் எழுதும். அதே கம்பெனியின் பெரிய பேனாவுக்கு 3776 என்று பெயர். ஃபூஜி மலையின் உயரம், மீட்டரில். நம் தொட்டபெட்டா 2637. அந்தப் பெயரில் யாராவது ஒரு பேனா போட்டால் முதல் ஆளாக நான் வாங்குவேன்.

உயரம் என்றதும் அந்தச் சட்டை நினைவுக்கு வருகிறது.

பல வருடத்துக்கு முன் சென்னையில் ஒரு பேனா வாங்கினேன். ஃபில்லரால் உடம்புக்குள்ளேயே இங்க் ஊற்றும் பழைய ரகம், மூன்று மில்லி பிடிக்கும். ராத்திரி ரயிலில் தூக்கம் வராமல் அதை வைத்து எழுதிக்கொண்டே வந்தேன். மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது பாதி காலி. வெள்ளைச் சட்டைப் பாக்கெட்டில் குத்திக்கொண்டு குன்னூர் பஸ் ஏறினேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவு. பர்லியாறில் டீக்கு நிறுத்தினார்கள், அதுவரை ஒன்றுமில்லை. காட்டேரி தாண்டியதும் பக்கத்தில் இருந்த அம்மா, "தம்பி, நெஞ்சுல என்னமோ..." என்று பதறினார். நீலம் பாக்கெட்டிலிருந்து விலா வரை இறங்கியிருந்தது.

பேனா மேல் குற்றம் இல்லை, காற்றின் வேலை. மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர், குன்னூர் சுமார் 1850. மேலே வர வரக் காற்றழுத்தம் குறையும், பேனாவுக்குள் அடைபட்ட காற்று விரியும். இந்த ஏற்றத்துக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விரிகிறது. பாதி காலியான பேனாவில் ஒன்றரை மில்லி காற்று இருந்தால் அது 1.8 ஆக இடம் கேட்கும். அந்த 0.3 மில்லிக்கு வழி நிப்புதான். சொட்டுக் கணக்கில் ஆறு சொட்டு. நெஞ்சுச் சூடு வேறு சேர்ந்துகொண்டது. ஆறு சொட்டு மை ஒரு சட்டையை என்ன செய்யும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து மலை ஏறும்போது பேனாவை முழுக்க நிரப்பிவிடுவேன், இல்லையென்றால் முழுக்கக் காலி செய்துவிடுவேன், நிப்பு எப்போதும் வானம் பார்த்து. இறங்கும்போது கவலை இல்லை, உள்ளே இருக்கும் காற்று சுருங்கத்தான் செய்யும். சுற்றுலா வருகிற பேனாக்காரர்கள் இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மலையின் இன்னொரு தொல்லை ஈரம். மழை மாதங்களில் காகிதம் அப்பளம் மாதிரி நமத்துப்போகும். எழுதிய கோடு ஓரத்தில் மயிர் மயிராகப் பூக்கும். எங்கள் பேக்டரியில் காய்ந்த தூள் வெளியே வரும்போது அதில் ஈரம் நூற்றுக்கு மூன்றளவில்தான் இருக்கும். அந்த டிரையர் பக்கத்து அறையில் நோட்டைப் போட்டு வைத்தால் மொறுமொறுவென்று இருக்கிறது. என் சொந்த நோட்டுகளும் அங்கேதான் தூங்குகின்றன, மேனேஜருக்குத் தெரியும், கேட்டதில்லை. வீட்டில் பீரோவுக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பு. இங்க் பாட்டிலை மட்டும் வாரம் ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே வெள்ளையாக இழை மிதந்தாலோ ஊசிய வாசம் வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். அந்தப் பூஞ்சை ஒரு பேனாவுக்குள் போனால் அதோடு நிற்காது.

மை வகையில் எனக்குப் பிடித்தது நீலக்கறுப்பு. இதில் கொஞ்சம் குடும்ப விவகாரமும் இருக்கிறது. கடுக்காயில் துவர்ப்புச் சத்து உண்டு. அதோடு அன்னபேதி உப்பைச் சேர்த்தால் மை கறுக்கும், நாள் ஆக ஆக இன்னும் கறுக்கும். அன்னபேதியில் இருப்பது இரும்பு. அந்தத் துவர்ப்பின் உறவுக்காரன்தான் தேயிலையிலும் இருக்கிறான். டீத்தண்ணீர் பட்ட இரும்பு போல்ட்டைப் பாருங்கள், கருநீலமாக ஒரு கறை பிடித்திருக்கும். அம்மா எஸ்டேட்டில் இலை பறித்தவர். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இலைச்சாறு ஏறிக் கறுத்தே இருக்கும், எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் போகாது. அப்பா பக்கத்து பேக்டரியில் இலைக் கணக்கு எழுதினார். அவருக்கு நடுவிரலில் நீலம். சோறு பிசையும்போது நான் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவரிடம் இருந்தது ஒரே பேனா. பச்சை நிறம், கம்பெனிப் பெயர் அழிந்துபோனது. நிப்பு தேய்ந்தால் சாத்தூர் நிப்பு வாங்கி மாட்டிக்கொள்வார். அந்தக் காலத்தில் சாத்தூர் என்றால் சேவுக்கு அடுத்து நிப்புதான். யாராவது கையெழுத்துப் போடப் பேனா கேட்டால் மூடியைத் தன் கையில் வைத்துக்கொண்டுதான் கொடுப்பார். மூடி இல்லாத பேனாவை யாரும் பாக்கெட்டில் குத்திக்கொண்டு போக முடியாதே. அவர் போன பிறகு அந்தப் பேனாவைத் தேடினேன். கிடைக்கவில்லை. நான் வாங்க ஆரம்பித்தது அதற்கு அடுத்த வருடம்தான்.

சரி, 31 எப்படி 23 ஆனது? "இத்தனை பேனா வச்சுக்கிட்டு மளிகை லிஸ்ட்டை மட்டும் பால்பாயிண்ட்ல எழுதுறீங்க" என்று வீட்டுக்காரி ஒரு நாள் கேட்டாள். பதில் இல்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, ஆறு மாதமாக மை காணாதவற்றைத் தனியே எடுத்தேன். எட்டு. விலை கொடுத்து வாங்கிய லிமிடெட் எடிஷன் ஒன்றும் அதில் இருந்தது. அழகு, ஆனால் எழுத வராது. பேக்டரி ஆட்களின் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். எழுத வராததை மட்டும் கொடுக்க மனசில்லாமல் வாங்கின விலையில் பாதிக்கு விற்றேன். இப்போது வீட்டுச் சட்டம் இது: ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும். இதனால் வாங்கும் வேகம் குறைந்தது, வாங்கியதோடு இருக்கும் நேரம் கூடியது. புதுப் பேனா வந்தால் இரண்டு வாரம் வேறு எதையும் தொட மாட்டேன். எந்தக் கோணத்தில் பிடித்தால் சிணுங்காது, எந்த மை ஒத்துக்கொள்ளும், எத்தனை பக்கத்துக்கு ஒரு தடவை நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் அந்த இரண்டு வாரத்தில்தான் தெரிகிறது. ஒன்றுபோல இன்னொன்று இருந்ததே இல்லை.

மூங்கில் பேனாவுக்கு இப்போது பத்தாவது நாள். முந்தாநாள் எடை முடிந்து வயசான கவுடர் ஒருவர் கையெழுத்துப் போட வந்தார். பேக்டரிப் பால்பாயிண்ட் குளிரில் அடம்பிடித்தது. மனசில்லாமல்தான் இதை நீட்டினேன். அழுத்தாமல், நிதானமாக, பெயரை முழுசாக எழுதினார். எழுதிவிட்டுக் காகிதத்தில் காதை வைக்காத குறையாகக் குனிந்து, "சத்தமே வரலியே" என்றார். அப்புறம் என் இடது கையைப் பார்த்தார். மூடி அதில் இருந்தது.

"உங்கப்பனும் இப்படித்தான் புடிச்சிருப்பான்" என்று சிரித்துக்கொண்டே பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.